டிஸ்னி வேர்ல்டும் தயிர் சாதமும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. (தேடுனீங்களான்னு கேக்க மாட்டேன். பதில் எனக்கே தெரியும் :-))

இன்னிக்கு மேட்டர் என்னன்னா, குடும்பத்தோட தீம் பார்க் போறதுக்கு பிளான் போடுறது. "இதுல எல்லாம் கருத்து சொல்ல என்னய்யா இருக்கு, டிக்கெட் வாங்கு, போ, ஏறு, இறங்கு, வா"ன்னு சொல்றவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. எனக்குச் சொல்ல ஒரு கருத்து இருக்கு. அது ஓசியில வந்த கருத்து இல்ல. எங்கப்பாவை வச்சு படிச்ச பாடம்.

கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அப்பா அம்மா, குழந்தைன்னு கூட்டிட்டுப் போறவன், முதல்ல எழுத வேண்டியது சாப்பாட்டு நேரம். ரெண்டாவது, உக்கார்ற நேரம். இது ரெண்டும் போக மிச்சம் இருக்கற இடத்துலதான் ரைடு. நான் இதை அப்படியே தலைகீழா செஞ்சேன்.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

பொட்டி தட்டுற பொழப்பு நம்மளை அட்லாண்டா வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கு. 2025 ஆகஸ்ட்ல அப்பாவும் அம்மாவும் கரூர்ல இருந்து வந்தாங்க. அப்பா அரசு போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டரா இருந்து, கடைசி சில வருஷம் டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு 66. சுகர் உண்டு, காலைல ஒரு மாத்திரை. அம்மாவுக்கு முட்டி வலி. இது போக தங்கமணி, நாலு வயசு பாப்பா, நான். மொத்தம் அஞ்சு உருப்படி.

"அக்டோபர்ல ஆர்லாண்டோ போறோம், மூணு நாள் டிஸ்னி"ன்னு முடிவாச்சு. அட்லாண்டால இருந்து ஐ-75 பிடிச்சா 440 மைல். நடுவுல வால்டோஸ்டால ஒரு காபி. இது வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. பிரச்சினை ஆரம்பிச்சது நான் எக்ஸெல்லைத் திறந்தப்போதான்.

நம்மாளுங்களுக்கே உள்ள வியாதி இது. காலேஜ்ல படிச்ச டிராவலிங் சேல்ஸ்மேன் கணக்கு ஞாபகம் இருக்கா? பத்து இடத்துக்குப் போகணும்னா எந்த வரிசையில போறதுங்கறதுக்கு மட்டும் 36,28,800 வழி இருக்கு. டிஸ்னி விஷயத்துல இது இன்னும் மோசம். ஏன்னா ரெண்டு ரைடுக்கு நடுவுல நடக்கற தூரம் மட்டும் கணக்கு இல்ல, ஒவ்வொரு ரைடுலயும் கியூ எவ்வளவு நேரம்ங்கறது மணிக்கு மணி மாறும். காலைல ஒம்பது மணிக்குப் பத்து நிமிஷம் நிக்கற கியூல மத்தியானம் ஒரு மணி நேரம் நிக்கணும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குக் கை அரிக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஒரு விஷயம் நியாயமா சொல்லணும். "பிளானே வேணாம், போற போக்குல பாத்துக்கலாம்"னு ஒரு கோஷ்டி இருக்கு. டிஸ்னி வேர்ல்டுல அது நடக்காது. உக்காந்து சாப்பிடற ஓட்டலுக்கு 60 நாள் முன்னாடியே ரிசர்வேஷன் திறந்துடும். கியூவைத் தாண்டிப் போற வசதி 1999-ல ஃபாஸ்ட்பாஸ்னு இலவசமா ஆரம்பிச்சது. 2021-ல அதை எடுத்துட்டு காசு குடுத்து வாங்கற மாதிரி மாத்தினாங்க. 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பேரு லைட்னிங் லேன் மல்டி பாஸ். அவங்க ஓட்டல்லயே தங்கினா ஏழு நாள் முன்னாடி, வெளில தங்கினா மூணு நாள் முன்னாடி, காலைல ஏழு மணிக்கு ஃபோனை வச்சுக்கிட்டு தட்கால் டிக்கெட் போடற மாதிரி உக்காரணும். பழைய பதிவைப் படிச்சு பிளான் போட்டீங்கன்னா அதுவும் ஆபத்து. மேஜிக் கிங்டம்ல இருந்த படகு, டாம் சாயர் தீவு, அந்த ஆறு எல்லாத்தையும் 2025 ஜூலைல மூடிட்டாங்க. ஆக பிளான் கண்டிப்பா வேணும். என் சண்டை பிளானோட இல்ல. பிளான்ல எதை முதல் கட்டத்துல எழுதறோம்ங்கறதோட.

என் ஷீட்ல முதல் காலம் நேரம், ரெண்டாவது ரைடு பேரு, மூணாவது கியூ எவ்வளவு எதிர்பார்க்கலாம், நாலாவது நடக்கற தூரம். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் வேற. ஒரு நாளைக்கு 11 ஐட்டம். சாப்பாடு எங்கேன்னு கேக்கறீங்களா? இருந்துச்சே. "2:10 - 2:35 லஞ்ச்". ஏன் ரெண்டு பத்து? பன்னெண்டுல இருந்து ஒன்றரை வரைக்கும் எல்லாரும் சாப்பிடப் போவாங்க, அப்ப ரைடுல கூட்டம் குறையும்னு ஒரு மூளை. தங்கமணிகிட்ட இதைப் பெருமையா வேற காட்டினேன். "ஏங்க, மாமாவுக்கு ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட்டாகணுமே"ன்னு சொன்னாங்க. "ஒரு நாள் தானே"ன்னு சொன்னேன்.

இன்னொரு பாவமும் பண்ணினேன். கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா, "கண்ணு, ஒரு டப்பால புளிசாதம் கட்டிக்கலாமா? அங்க என்ன கிடைக்குமோ என்னமோ"ன்னு கேட்டாங்க. "அதெல்லாம் உள்ள விட மாட்டாங்கம்மா"ன்னு சொல்லிட்டேன். விசாரிக்கவே இல்ல. உண்மையான காரணம், அத்தனை வெள்ளைக்காரங்களுக்கு நடுவுல சோத்து மூட்டையைப் பிரிக்க எனக்குக் கூச்சம். அப்புறம் வெப்சைட்டைப் பார்த்தா, சொந்தச் சாப்பாடு தாராளமா கொண்டுபோகலாம்னு போட்டிருக்கான். கண்ணாடிப் பாட்டில் கூடாது, மது கூடாது, உதிரி ஐஸ் கூடாது. அவ்வளவுதான். புளிசாதத்து மேல டிஸ்னிக்கு ஒரு கோவமும் இல்ல. எனக்குத்தான் இருந்திருக்கு.

முதல் நாள். மேஜிக் கிங்டம்.

தங்கின இடத்துல காலை டிபன் இலவசம். இலவசம்னா என்ன தெரியும்ல, வாஃபிள், சிரப், மஃபின், டோனட். எல்லாமே இனிப்பு. சுகர்காரர் என்ன பண்ணுவார்? ஒரு அவிச்ச முட்டை, ஒரு துண்டு ரொட்டி. "போதும் சாமி, வயிறு நெறைஞ்சிருச்சு"ன்னார். மாத்திரையைப் போட்டுக்கிட்டார். ஏழே காலுக்கு வண்டியை எடுத்தோம்.

மேஜிக் கிங்டம் வாசல்ல காரை நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டு, மோனோரயில்லயோ ஃபெர்ரி படகுலயோ அந்தப் பக்கம் போகணும். அப்பாவுக்கு இதுதான் முதல் சந்தோஷம். பார்க்கிங்ல இருந்து ஆளுங்களை அள்ளிட்டுப் போற டிராம், அங்கிருந்து படகு, ஒண்ணு போனதும் அடுத்தது வந்து நிக்கறது, இதையெல்லாம் வாய் திறந்து பார்த்துட்டு நின்னார். "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு ட்ரிப்பு விடறாங்கன்னு கேளு"ன்னார். நான் ஷீட்டைப் பார்த்து, "அப்பா, ஏழு நிமிஷம் லேட்டாயிருச்சுங்க, வாங்க"ன்னு இழுத்துட்டுப் போனேன்.

மத்தியானம் ஒரு மணிக்குள்ள அஞ்சு ஐட்டம் முடிச்சிருந்தோம். என் ஃபோன்ல 11,000 அடின்னு காட்டுச்சு. ஊர்ல அப்பா ஒரு நாள் பூரா நடந்தாலும் இதுல பாதி வராது. ஆனா அவர் ஒண்ணும் சொல்லல. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வேற நடந்தார்.

ஒண்ணேகாலுக்கு பீட்டர் பான் கியூல நின்னோம். உள்ள நல்லா ஏசி. ஒரு இருபது நிமிஷம் ஆகியிருக்கும். பாப்பா, "தாத்தா, இது எப்ப முடியும்?"னு கேட்டுச்சு. அப்பா, "குளித்தலை தாண்டியாச்சு"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். தாத்தா ஜோக்கடிக்கறார்னு நினைச்சோம். தங்கமணி மட்டும் சிரிக்கல. "ஏங்க, மாமா சட்டையைப் பாருங்க"ன்னாங்க.

ஏசிக்குள்ள நிக்கறோம், அப்பா சட்டை முதுகோட ஒட்டி நனைஞ்சிருக்கு. கையைப் பிடிச்சேன், சில்லுன்னு இருக்கு, நடுங்குது. கூப்பிட்டா என்னைப் பார்க்கறார், ஆனா என்னைப் பார்க்கல. எனக்கு ஒண்ணும் ஓடல. தங்கமணிதான் பாப்பா பையில இருந்து ஆப்பிள் ஜூஸ் பாக்கெட்டை எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி, "மாமா, இதைக் குடிங்க, குடிங்க"ன்னு வாயில வச்சாங்க. அங்க வேலை செய்யற ஒரு அம்மா ஓடிவந்து கயிறைக் கழட்டி விட்டு, வெளில நிழல்ல நாற்காலி போட்டுக் குடுத்தாங்க. முதலுதவி இடம் மெயின் ஸ்ட்ரீட் முடியற இடத்துல, கிரிஸ்டல் பேலஸ் பக்கத்துல இருக்கு, வீல்சேர் கொண்டு வரட்டுமான்னு கேட்டாங்க.

பதினஞ்சு நிமிஷத்துல அப்பாவுக்கு முகம் தெளிஞ்சது. "என்ன எல்லாரும் இங்க உக்காந்திருக்கீங்க? கியூ போயிரும்ல?"னு கேட்டார். அம்மா அழுதுட்டாங்க.

இதுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க, உங்க வீட்டுலயும் சுகர்காரங்க இருப்பாங்க. சுகர் மாத்திரைல சில வகை, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். மாத்திரையைப் போட்டுட்டு, அரை வயிறு சாப்பிட்டு, வழக்கத்தை விட ரெண்டு மடங்கு நடந்து, அடுத்த சாப்பாட்டைத் தள்ளிப்போட்டா, ரத்தத்துல சர்க்கரை சர்ருனு இறங்கிடும். வேர்வை, நடுக்கம், பேச்சு தடுமாறுறது எல்லாம் அதோட அறிகுறி. அப்ப உடனே குடுக்க வேண்டியது ஒரு 15 கிராம் சர்க்கரை. அரை டம்ளர் ஜூஸ் போதும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சும் சரியாகலைன்னா மறுபடி அதே அளவு. சாக்லேட் குடுக்காதீங்க, அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ஏறறதை மெதுவாக்கிடும். நினைவு தப்பிட்டா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, உடனே உதவிக்குக் கூப்பிடணும். ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட, "நிறைய நடக்கற நாள்ல என்ன செய்யணும்"னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நாங்க கேக்கல. கேட்டிருக்கணும்.

அன்னிக்கு மிச்ச ஷீட் அவ்வளவுதான். இருந்த இடத்துலயே சாப்பிட்டுட்டு ரூமுக்கு வந்துட்டோம்.

ராத்திரி அப்பாகிட்ட, "பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்கப்பா"ன்னு கேட்டேன். "நீ அந்தப் பேப்பரையே பார்த்துட்டு இருந்தே சாமி. இவ்வளவு காசு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கே. நடுவுல நான் ஏதாவது சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்ல"ன்னார்.

மக்கா, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும் சொல்லுங்க. எங்கப்பா மயக்கம் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காததுக்குக் காரணம் நான் போட்ட கலர் ஷீட்டு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே ஃபோனை வாங்கி அந்த ஷீட்டைப் பார்த்தார். ரெண்டு நிமிஷம் மேலயும் கீழயும் தள்ளிப் பார்த்துட்டுக் கேட்டார். "இதுல டீ டைம் எங்க சாமி?"

"அப்படின்னாங்க?"

"கரூர் டு திருச்சி 80 கிலோமீட்டர் கூட இல்ல. அதுக்கே ட்ரிப் ஷீட்ல போய்ச் சேர்ற நேரம் ஒண்ணு, திரும்பக் கிளம்பற நேரம் ஒண்ணு, நடுவுல டிரைவர் கண்டக்டர் டீ குடிக்க நேரம்னு வச்சிருப்போம். அது ஏன்னு நினைக்கிறே? டீ குடிக்க மட்டும் இல்ல. ரயில்வே கேட்டு போட்டு வண்டி லேட்டா வந்துச்சுன்னா, அந்த நேரத்துலதான் அதைச் சரிக்கட்டிட்டு அடுத்த ட்ரிப்பை நேரத்துக்கு எடுப்போம். அதை எடுத்துட்டா காலைல விழுந்த பத்து நிமிஷ லேட்டு ராத்திரி கடைசி ட்ரிப்பு வரைக்கும் போகும்."

நாலாவது செமஸ்டர்ல கியூயிங் தியரின்னு ஒரு பேப்பர் எழுதி பாஸ் பண்ணினவன் நான். அதுல வர்ற சாதாரண மாடல்லயே சொல்லியிருக்கு: ஒரு கவுண்டரை 50 சதவீதம் பிஸியா வச்சா, ஒரு ஆள் உள்ள வந்து வேலை முடிச்சுப் போக சராசரியா வேலை நேரத்தைப் போல 2 மடங்கு ஆகும். 80 சதவீதம்னா 5 மடங்கு. 90-ன்னா 10. 95-ன்னா 20. அதாவது நிரப்ப நிரப்ப நேரம் மிச்சமாகாது, காத்திருக்கறதுதான் எகிறும். பரிட்சைல எழுதினதை நான் ஆபீஸ்லயும் யூஸ் பண்ணல, டிஸ்னிலயும் யூஸ் பண்ணல. ஆபீஸ்ல டேமேஜர் பஃபரே இல்லாம டெட்லைன் குடுத்தா மட்டும் வயித்தெரிச்சல் படுவோம். வீட்டு மனுஷங்களுக்கு நாமளே டேமேஜர் ஆயிடறோம்.

அடுத்த ரெண்டு நாள் ஷீட்டை அப்பாவும் தங்கமணியும் சேர்ந்து போட்டாங்க. வெள்ளைப் பேப்பர்ல. முதல்ல எழுதினது: காலை 7:00 டிபன், 10:30 ஏதாவது கொறிக்க, 12:30 சாப்பாடு, 4:00 டீ, 7:00 ராத்திரி சாப்பாடு. அதுக்கு நடுவுல ரைடு.

இந்த இடத்துல தங்கமணி ஒரு கேள்வி கேட்டாங்க. "சோத்து மூட்டை கட்டிட்டுப் போலாம்ங்கறது நல்ல யோசனைதான். அதைக் கட்டப்போறது யாரு?"

நியாயமான கேள்வி. "வீட்டுச் சாப்பாடு கொண்டுபோனோம், காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது"ன்னு பெருமையா எழுதறவங்க பல பேர் வீட்டுல, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து புளியைக் கரைச்சது அவங்க இல்ல. அம்மாவுக்கும் மனைவிக்கும் டூர்லயும் அடுப்படிதான்னா அது யாருக்கு டூரு? ஆக ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒரு வேளைதான் கையில கொண்டுபோறது. அதைச் செய்யறது நான். ராத்திரி வெளில வாங்கிச் சாப்பிடறது. காலைல வர்ற இனிப்பு டிபனுக்குப் பதிலா ரூம்லயே முட்டையும் அட்லாண்டால இருந்து எடுத்துட்டு வந்த சப்பாத்தியும்.

ரூம்ல மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் இருந்துச்சு. காரில ஒரு குட்டி ரைஸ் குக்கர் எப்பவும் கிடக்கும். அம்மா நாற்காலில உக்காந்துக்கிட்டு டைரக்‌ஷன், நான் நடிப்பு. "சாதத்தைக் குழைய விடு கண்ணு. சூடா இருக்கறப்பவே பாலை ஊத்திப் பிசை. ஆறினப்புறம் ஒரு கரண்டி தயிரு போதும். தயிரு ஜாஸ்தியானா மத்தியானத்துக்குள்ள புளிச்சுரும்." ஜெல் ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவுல டப்பாவை வச்சுப் பையை மூடினேன். உப்பு போட மறந்துட்டேங்கறது சாப்பிடறப்பதான் தெரிஞ்சது. ஊறுகாய் காப்பாத்துச்சு.

ரெண்டாவது நாள் அனிமல் கிங்டம். 1998-ல திறந்தது. காலைல முதல் வேலையா கிளிமஞ்சாரோ சஃபாரி. திறந்த லாரில உக்காந்துக்கிட்டே ஒட்டகச்சிவிங்கி, யானை, சிங்கம் எல்லாம் பார்க்கலாம், உயரக் கட்டுப்பாடும் கிடையாது. அப்பா மிருகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, அந்த மேடு பள்ளத்துல வண்டி ஓட்டிக்கிட்டே மைக்குல பேசிட்டு வந்த டிரைவர் பொண்ணைப் பார்த்து அசந்துட்டார். "டிரைவரும் அதே, கண்டக்டரும் அதே!" அப்புறம் ஆசியாப் பகுதி. அங்க ஆனந்தபூர்னு ஒரு கற்பனை ஊரே கட்டி வச்சிருக்கான். காரை பேந்த சுவரு, கிழிஞ்ச போஸ்டரு. அம்மா சுத்திப் பார்த்துட்டு, "இதைப் பாக்கவா கண்ணு இவ்வளவு தூரம் வந்தோம்?"னு கேட்டாங்க :-)

பன்னெண்டரைக்கு வெளில வந்துட்டோம். ரூம், சாப்பாடு, தூக்கம். டிக்கெட் காசு போட்டுட்டு மத்தியானம் தூங்கறதான்னு எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சது உண்மை. சாயங்காலம் அனிமல் கிங்டம் லாட்ஜ்ல சனான்னு ஒரு ஓட்டல். அதுக்குப் பார்க் டிக்கெட்டே வேணாம், ரிசர்வேஷன் மட்டும் இருந்தா நல்லது. நம்ம ஊர் நான் மாதிரி ரொட்டி வகைங்க, தொட்டுக்கக் கலர் கலரா சட்னி, ஊறுகாய். வெளிச்சம் இருக்கறப்பவே போனா ஜன்னலுக்கு வெளிய ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். பாப்பா ஒரு வாய் ரொட்டிக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்கு ஓடுச்சு.

மூணாவது நாள் எப்காட். ஏரியைச் சுத்தி 11 நாட்டு அரங்கு. மெக்சிகோல ஆரம்பிச்சு கனடா வரைக்கும். அதுல இந்தியா கிடையாது. சுத்தி வர ஒண்ணேகால் மைல் இருக்கும். வாசல்லயே அம்மாவுக்கு வீல்சேர் வாடகைக்கு எடுத்தோம். "நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க"ன்னாங்க. சுத்தி நானூறு பேர் வீல்சேர்லயும் பேட்டரி வண்டிலயும் போய்ட்டு இருந்ததைக் காட்டினதும் உக்காந்தாங்க.

பன்னெண்டரைக்கு ஏரிக்கரைல ஒரு பெஞ்சு. டப்பாவைத் திறந்தோம். வெள்ளையா, வளைஞ்ச நீள மூக்கோட ஒரு பறவை கிட்ட வந்து நின்னுச்சு. இங்க ஐபிஸ்னு சொல்வாங்க. அம்மா பார்த்த உடனே, "அட, நம்ம வயக்காட்டு அரிவாள் மூக்கன்!"னாங்க. அந்த மூக்கன் தட்டையே பார்த்துட்டு நின்னு, பாப்பா அசந்த நேரம் சிப்ஸைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. பாப்பா ஒரு நிமிஷம் அழுதுட்டு, அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சது. பக்கத்து பெஞ்சுல ஒரு அமெரிக்கக் குடும்பம் பையில இருந்து சாண்ட்விச்சை எடுத்துச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. ஒருத்தரும் எங்களைத் திரும்பிக் கூடப் பார்க்கல. எனக்கு இருந்த கூச்சத்துக்கு அங்க ஒரு மரியாதையும் இல்ல.

கணக்குப் பார்த்தா, முதல் நாள் அரை நாள்ல அஞ்சு ஐட்டம். அடுத்த ரெண்டு நாள்ல சேர்த்தே எட்டுதான். "ஒரு ஆளுக்கு ஒரு நாள் டிக்கெட்டே நூறு டாலருக்கு மேல, அதைக் குடுத்துட்டு பெஞ்சுல உக்காந்துட்டு வந்தியா?"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். ரைடு ஒண்ணுக்கு எவ்வளவு காசுன்னு வகுத்துப் பார்த்தா அவர் சொல்றது சரிதான். இருபது வயசுப் பசங்க நாலு பேர் போனா அந்தக் கணக்கே போடுங்க, காலைல ஏழு மணில இருந்து ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் ஓடுங்க, நானும் வரேன். ஆனா அப்பா அம்மா விசா எடுத்து, ஒரு நாள் பூரா விமானத்துல உக்காந்து வந்தது ரைடை எண்ணறதுக்கு இல்ல. ஜனவரில ஊருக்குத் திரும்பினாங்க. அப்பா மறுபடி இவ்வளவு தூரம் வருவாரான்னு எனக்குத் தெரியாது. இந்த மாதிரி மூணு நாள் திரும்பக் கிடைக்குமான்னும் தெரியாது.

போகப் போறவங்களுக்கு நாலு விஷயம், சுருக்கமா:

ஒண்ணு. சாப்பாடு, மாத்திரை நேரத்தை முதல்ல எழுதுங்க. ஓட்டல் ரிசர்வேஷனும் லைட்னிங் லேனும் அதுக்கு ஏத்த மாதிரி பிடிங்க.

ரெண்டு. மேஜிக் கிங்டம்ல இருந்து நடுவுல ரூமுக்குப் போய்ட்டு வர்றது, படகு, டிராம், கார்னு பெரிய வேலை. அங்க உள்ளயே உக்கார இடம் வச்சுக்கங்க. கேரொசல் ஆஃப் ப்ராக்ரஸ்னு ஒண்ணு, 1964 நியூயார்க் கண்காட்சிக்காகச் செஞ்சது, இருபது நிமிஷம் ஏசில உக்காந்து பார்க்கலாம். மத்த பார்க்ல இருந்து வெளில வர்றது சுலபம்.

மூணு. வீட்டுலயே குழந்தையை இஞ்ச் டேப்பால அளந்துடுங்க. செவன் டிவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38 இஞ்ச், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44, டிரானுக்கு 48. வரிசைல நின்னுட்டுத் திரும்பி வந்தா குழந்தை மனசு உடைஞ்சிடும். குழந்தை ஏற முடியாததுல பெரியவங்க மாத்தி மாத்திப் போக ரைடர் ஸ்விட்ச்னு வசதி இருக்கு, கேளுங்க.

நாலு. பையில ரெண்டு ஜூஸ் பாக்கெட். தாகத்துக்கு இல்ல. குடிக்கத் தண்ணி, சோடா மிஷின் இருக்கற எந்தக் கவுண்டர்லயும் ஐஸ் போட்டு ஓசியில குடுப்பாங்க.

ஊருக்குப் போனப்புறம் அப்பா ஃபோன்ல பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட டிஸ்னி பத்தி பேசிட்டு இருந்தது எனக்குக் கேட்டுச்சு. கோட்டையைப் பத்தி இல்ல, சிங்கத்தைப் பத்தி இல்ல. "ஒரு படகு போனா அடுத்த படகு ரெடியா நிக்குதுங்க. ஒருத்தன் கூட கத்தறதில்லீங்க." அந்தப் படகுத்துறைலதான் நான் அவரை ஏழு நிமிஷம் லேட்டுன்னு இழுத்துட்டுப் போனேன். இன்னும் ஒரு பத்து நிமிஷம் நின்னு பார்க்க விட்டிருக்கலாம்.

சரி மக்களே, உங்க வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போன அனுபவம் இருந்தா சொல்லிட்டுப் போங்க. முக்கியமா, புளிக்காத தயிர் சாதத்துக்கு வேற டெக்னிக் யாருக்காவது தெரிஞ்சா கண்டிப்பா சொல்லுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டுத் தங்கமணி, "ஜூஸ் குடுத்தது நான்தான்னு எழுதினீங்களா?"ன்னு கேட்டாங்க. எழுதியாச்சுங்க. ரெண்டு தடவை எழுதியாச்சு :-)